முள்ளும் சேலையும்: இசைவு பற்றிய வழக்குகளின் வினையமைப்பு

'முள்ளின்மேல் சேலை விழுந்தாலும், சேலையின்மேல் முள் விழுந்தாலும் கிழிவது சேலையே' என்னும் பழமொழி இளம்பெண்களுக்கு அறிவுரையாகக் கூறப்பட்டு வருகிறது. பரிவினால் எழுந்த கூற்றாகவே இது தோன்றும். அதன் வினையமைப்போ வேறொன்றைக் காட்டுகிறது. விழுதல், கிழிதல் இரண்டும் தன்வினைகள்; 'கிழித்தல்' என்னும் பிறவினை தொடரில் இடம்பெறவே இல்லை. ஆண் முள்ளாகிறான். முள்ளுக்குக் குத்துதல் இயல்பேயன்றி விருப்பமன்று. ஆகவே அதனிடம் பொறுப்பும் கேட்க இயலாது. விலகிச் செல்லவேண்டியது சேலையே என்றாகிறது.

'ஊசி இடங்கொடாமல் நூல் நுழையுமா' என்பது இதனினும் கொடிது. விருப்பத்தைச் சுட்டும் வினை இங்கு ஒன்று உண்டு; அது ஊசிக்கு மட்டுமே உரியது. விடையைத் தன்னுள்ளே கொண்ட வினாவாதலின் மறுத்துரைக்கவும் வழியில்லை.

இந்த வாதமுறை பழமொழியளவில் நின்றுவிடவில்லை. துக்காராம் வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம், பெண்ணின் உடலில் காயமின்மையையும் கருத்திற்கொண்டு காவலர் இருவரை விடுவித்தது. பணிதல் வேறு, இசைதல் வேறு என அடுத்த ஆண்டில் சட்ட ஆசிரியர் நால்வர் திறந்த மடல் எழுதினர். எதிர்த்துப் போராடாமை ஒன்றையே இசைவாகக் கொள்ளலாகாது என 2013ஆம் ஆண்டுத் திருத்தம் வெளிப்படையாகக் கூறிற்று. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவும் அதனைப் பேணுகிறது. 'மௌனம் சம்மதம்' என்னும் வழக்கு சட்டத்தில் செல்லாததாயிற்று. பேச்சில் இன்னும் செல்கிறது.

'கற்பழிப்பு' என்னும் சொல் இழப்பைப் பெண்ணின் ஒழுக்கத்தின்மேல் ஏற்றியது. அதனிடத்தில் 'பாலியல் வன்கொடுமை' பரவியது நன்றே. எனினும் 'வன்கொடுமைக்கு ஆளானார்' என்றெழுதும்போது செய்தவன் மீண்டும் தொடரிலிருந்து நீங்கிவிடுகிறான். சொல் மாறியது, தொடர் மாறவில்லை.

பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் இசைவைச் சட்டம் ஏற்பதில்லையாதலின், பள்ளியில் இப்பேச்சு எதற்கு என்பாரும் உளர். பிறர் மறுப்பை மறுப்பாகக் கேட்கும் பழக்கம் பதினெட்டாம் பிறந்தநாளன்று தானே வந்து சேர்வதன்று.

இதற்கெனத் தனிப்பாடம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தன்வினை, பிறவினை கற்பிக்கும் தமிழ் வகுப்பில் இப்பழமொழியையே எடுத்துக்காட்டாக வைக்கலாம். 'கிழிந்தது' என்பதைக் 'கிழித்தது' என மாற்றச் சொன்னால், மாணவர் முதலில் ஓர் எழுவாயைத் தேட வேண்டியிருக்கும்.