பாடகரும் பக்தியும்: பிரேஸில் நாட்டு இசைத்தட்டு ஒன்று

அவையோர் முன்னிலையிற் பாடியதை அப்படியே பதிந்து வெளியிடும் இசைத்தட்டுக்களிற் பெரும்பாலானவற்றில் பாட்டைவிடக் கைதட்டலே மிகுதி. கூட்டத்தின் ஆரவாரத்தைக் கொண்டு பாடகரின் பெருமையை அளக்குமாறு அவை நம்மை ஏவுகின்றன. ஆரவாரம் பெருமைக்குச் சான்றாகுமா என்பதே நமது கேள்வி. இதனை ஆராய்வதற்குத் தகுந்ததொரு தட்டு, பிரேஸில் நாட்டு ராக் இசைக் குழுவாகிய 'லெஜியாவ் உர்பானா' பாடிய 'அகூஸ்திகோ எம்.டி.வி.' என்பதாகும். குழுவின் பெயருக்கு 'நகரப் படை' என்று பொருள். 1992-ஆம் ஆண்டு ஜனவரியில், ஸாவோ பாலோ நகரில், தொலைக்காட்சிக்காக ஒரு சிறு அவையின் முன் பதிவான இது, 1999-ஆம் ஆண்டிலேதான் இசைத்தட்டாக வெளிவந்தது. பாடகர் ரெனாட்டோ ரூஸோ அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே, 1996 அக்டோபர் 11-ஆம் நாள், தமது 36-ஆம் வயதில் காலமாகிவிட்டார்.

இவரது இயற்பெயர் மன்ஃப்ரெடினி. ஜெனீவா அறிஞர் ரூஸோவையும், ஆங்கில அறிஞர் பெர்ட்ரண்டு ரஸ்ஸலையும் நினைந்து தாமே தேடிக்கொண்ட பெயர் 'ரூஸோ'. பகுத்தறிவாளர் இருவரை முன்னிட்டுப் பெயர் பூண்ட ஒருவர், பின்னர் ஒரு தெய்வமாக்கப்பட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். ரசிகரின் பித்தைக் கண்ட பிறர், குழுவின் பெயரையே சிறிது திரித்து, 'நகர மதம்' என்று பொருள்படுமாறு 'ஹெலிஜியாவ் உர்பானா' என நகையாடினர்.

அப்பித்தின் விளைவு 1988 ஜூன் 18-ஆம் நாள் வெளிப்பட்டது. குழு தோன்றிய ஊராகிய பிரஸீலியாவின் விளையாட்டரங்கில் நடந்த கச்சேரி, ரசிகர் ஒருவர் மேடையேறிப் பாடகரைப் பற்றியதிலிருந்து குழப்பமாகிக் கலவரத்தில் முடிந்தது. பலர் காயமுற்றனர். அதன்பின் அக்குழு அந்நகரில் மீண்டும் பாடவேயில்லை. இதனை மனத்திற்கொண்டு 1992-ஆம் ஆண்டுப் பதிவைக் கேட்போர்க்கு அதன் அமைதி விளங்கும். மின்சாரக் கிட்டாரின் முழக்கம் இங்கே இல்லை. மரக் கிட்டார்களோடு பாடகர் அமர்ந்து பாடுகின்றார். மின்சாரம் நீங்கிய ராக் இசை பல்லிழந்த புலியை ஒக்கும் என்று சொல்வாருமுளர். நாம் அதனை ஒப்போம். முழக்கம் நீங்கியவிடத்துச் சொல் தெளிவாகக் கேட்கிறது. சொல் கேட்குமிடத்தில் சிந்தனைக்கும் இடமுண்டாகிறது.

'தெயாத்ரோ தோஸ் வாம்பீரோஸ்' என்னும் பாட்டை எடுத்துக்கொள்வோம். 1990 மார்ச்சில் அதிபர் கொல்லோரின் அரசாங்கம், மக்கள் வங்கியிலிட்ட சேமிப்பிற் பெரும்பகுதியை எடுக்கவொட்டாது முடக்கியது. அக்காலத்து இளைஞரின் வேலையின்மையும் சோர்வுமே இப்பாட்டின் பொருள். இதனைக் கூச்சலிட்டுப் பாடியிருந்தால் கோபம் மட்டுமே எஞ்சியிருக்கும். தணிந்த குரலிற் பாடியதால், கையில் காசின்றி வீட்டிலிருக்கும் ஒருவனது வெட்கமும் நமக்குப் புலப்படுகிறது.

தட்டின் இறுதியில் வரும் 'ஃபாரோவெஸ்தே கபொக்லோ' ஒரு நெடுங்கதைப் பாட்டு. 1979-இல் இயற்றப்பட்டது, பல்லவி இல்லாதது. ஜொவாவ் என்னும் ஏழை இளைஞன், வகுப்பாலும் நிறத்தாலும் இழிவுபடுத்தப்பட்டு, 1960-இல் திறக்கப்பட்ட புதுத் தலைநகராம் பிரஸீலியாவை நாடி வருகிறான். தச்சரிடம் தொழில் பயில்கிறான். உழைத்தும் வயிறு நிரம்பவில்லை. தீய வழியிற் புகுந்து, இறுதியில் தொலைக்காட்சிக் கருவிகளின் எதிரே நடந்த சண்டையில், முதுகிற் சுடப்பட்டு மடிகிறான். மாண்டவனை ஊரார் புனிதனென்று கொண்டாடுகின்றனர். ஆனால் அவன் தலைநகருக்கு வந்ததோ, துன்புறும் மக்களுக்கு உதவுமாறு நாட்டின் தலைவரிடம் பேசுவதற்கு! அக்கோரிக்கையை ஒருவரும் கேட்கவில்லை. அவனது சாவை மட்டும் எல்லாரும் வேடிக்கை பார்த்தனர். கோரிக்கையைக் கைவிட்டுப் பிணத்திற்கு மாலை சூட்டும் உலகவழக்கத்தை இதனினும் கூர்மையாகக் கண்டித்தல் அரிது.

குறைகளையும் கூறுதல் மதிப்புரையின் கடமை. இடையே வரும் ஆங்கிலப் பாடல்கள், பாடகர் எவரிடம் பயின்றார் என்பதைக் காட்டுகின்றனவேயன்றித் தட்டின் ஓட்டத்தைத் தடைசெய்கின்றன. போர்ட்டோ ரிக்கோ நாட்டுச் சிறுவர் குழுவாகிய மெனூதோவின் இலேசான காதற்பாட்டொன்றும் இதிலுண்டு. போர்த்துக்கீசிய மொழியிற் பாடப்பட்ட அதுவே வெளியீட்டின்பின் பெரும் புகழ் பெற்றது. ரெனாட்டோவின் குரல் அப்பாட்டிற்கு அதன் தகுதியினும் மிக்க கண்ணியத்தை அளிக்கிறது என்பது உண்மை. எனினும் ஜொவாவின் கதை இருக்க, அதனையே மக்கள் பெரிதும் விரும்பியது வியப்பன்று. கேள்வி எழுப்பாத பாட்டு எந்நாட்டிலும் எளிதில் விலைபோகும்.

இறந்தவரின் குரலை விற்றுப் பொருளீட்டியது முறையோ என்று சிலர் கேட்கலாம். குரலைப் புதைத்து வைப்பதினும் வெளியிடுவதே நன்று என்பது நமது கருத்து. தவறு வெளியீட்டிலன்று, கேட்கும் முறையிலேதான் நேரும். ஒரு தொழிலாளி தன் கூலிக் காசைக் கொடுத்து ஓர் இசைத்தட்டை வாங்குவானாயின், அதிலுள்ள பாட்டு அவனைச் சிந்திக்கச் செய்தல் வேண்டும். பாடியவரின் படத்தைச் சுவரில் மாட்டிக் கற்பூரங் கொளுத்தச் செய்தல் கூடாது. தோழர்கள் இத்தட்டைக் கேட்பார்களாக. கேட்டபின், ஜொவாவ் தலைவரிடம் சொல்லவந்தது யாதென்று தம்முட் பேசுவார்களாக.