எந்தக் கை எதைத் தொடலாம்?

யாழ்ப்பாணத் தீவகத்துச் சரவணையிலிருந்து டொராண்டோவுக்குக் குடிபெயர்ந்தவர்கள் முதுகு பிடித்துக்கொண்டால், முதுகெலும்பைக் கையால் சீராக்கும் கைரோபிராக்டரிடம் போவதுண்டு. ஊரிலோ கை கால் முறிந்தால் இன்றும் முறிவு நெரிவு பார்க்கும் பரிகாரியாரின் நினைவு வராமல் போகாது. இரண்டு இடத்திலும் வைத்தியரின் பக்கத்தில் ஓர் உதவியாளர் நிற்கிறார். அந்த உதவியாளரின் கை எதுவரை போகலாம் என்பதில், டொராண்டோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் சட்டம் இலங்கையின் சட்டத்தைவிடத் தெளிவானது. அந்தத் தெளிவு எங்களுக்கும் வேண்டும்.

ஒன்ராறியோவின் 1991ஆம் ஆண்டுச் சுகாதாரத் தொழில்கள் ஒழுங்குமுறைச் சட்டம், ஆபத்தான செயல்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறது. நோய் இன்னதென்று கண்டு நோயாளியிடம் சொல்வது அவற்றில் ஒன்று. முறிந்த எலும்பைப் பொருத்துவதும் பிளாஸ்டர் போடுவதும் விலகிய மூட்டை ஏற்றுவதும் இன்னொன்று. அதற்கு அடுத்தபடியாக, முதுகெலும்பின் மூட்டுகளை அவற்றின் வழக்கமான அசைவெல்லைக்கு அப்பால், வேகமான சிறு உந்தலால் நகர்த்துவது. வேகம், அளவு, எல்லை மூன்றும் அந்த ஒரே வரியில் இருப்பதால் தடவிவிடுவதற்கும் நெட்டி முறிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தில் வாதாட இடமில்லை. உரிமை பெற்றவர் தவிர வேறெவரும் இவற்றைச் செய்யக்கூடாது. இன்னொருவரிடம் ஒப்படைப்பதானாலும் விதிப்படியே ஒப்படைக்க வேண்டும்.

குறையும் உண்டு. ஒத்தடம், உடற்பயிற்சி போன்றவை பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. கடும் உடற்தீங்கு விளையலாம் என்று முன்கூட்டியே தெரியக்கூடிய சிகிச்சையைத் தகுதியற்றவர் செய்யக்கூடாது என்று வேறொரு பிரிவு தடுக்கிறதுதான். ஆனால் "தெரியக்கூடியதா" என்ற விசாரணை தீங்கு நடந்த பிறகே தொடங்கும்.

இலங்கையில் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யூனானி, தேசிய வைத்தியம் யாவற்றையும் ஒரு குடைக்குள் கொண்டுவந்தது. வழிவழியாக வந்த வைத்தியருக்குச் சட்டத்தின் முன் ஓர் இடம் கிடைத்தது பெரிய காரியம். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அதன் அடித்தளம் பதிவேடு. யார் வைத்தியர் என்று அது சொல்கிறது. எலும்பைப் பொருத்தும் செயலைத் தனியே எடுத்து, அது எந்தக் கைக்கு மட்டும் உரியது என்று சொல்வதில்லை. பதிவுள்ள ஒருவரின் பெயர் வாசலில் இருந்தால், உள்ளே யார் இழுத்துக் கட்டினார் என்பது கேட்கப்படாமலே போய்விடும்.

இது வெறும் நடைமுறைச் சிக்கல் அல்ல. மதிலிலிருந்து விழுந்த பிள்ளைக்கு முழங்கைக்குச் சற்று மேலே முறிகிறது. தப்பை வைத்து இறுக்கிக் கட்டுகிறார்கள். உள்ளே வீக்கம் கூடக் கூட இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. விரல் விறைக்கும், வெளிறும், விரலை நீட்டினால் பிள்ளை துடிக்கும். சில மணித்தியாலங்களில் தசை சாகத் தொடங்கும். பிறகு கை சுருங்கி வளைந்தபடியே நின்றுவிடும். இராப்பொழுதில் இந்த அறிகுறிகளைக் காணப்போகிறவர் பெரும்பாலும் தாயோ உதவியாளரோதான். ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைக்கோ, பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ போகவேண்டிய நேரம் அது.

கை பார்த்துத்தான் கை பழகும், எல்லை போட்டால் தொழிலே அழியும் என்று மறுப்பார்கள். வாரிசுகள் புலம்பெயர்ந்துவிட்ட தீவகத்தில் இந்த மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் ஒன்ராறியோச் சட்டமே தொழில் கற்பவருக்கு விலக்கு அளிக்கிறது: தேர்ந்தவரின் மேற்பார்வையில் அவர் செய்யலாம். 1984இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவப் படிப்பு தொடங்கியபின், மேற்பார்வையில் கற்பது எங்களுக்கும் புதிதல்ல. வைத்தியர் பார்த்துக்கொண்டிருக்க மாணவர் இழுப்பது கல்வி. வைத்தியர் சந்தைக்குப் போயிருக்க உதவியாளர் இழுப்பது நோயாளியின் தலையில் சுமத்தப்பட்ட ஆபத்து.

ஆகவே முறிவா சுளுக்கா என்று தீர்மானிப்பது, எலும்பை இழுத்துப் பொருத்துவது, முதல் கட்டுப் போட்டு இறுக்குவது ஆகிய மூன்றையும் சட்டம் பெயர் சொல்லிப் பதிவுள்ள வைத்தியருக்கு மட்டும் ஒதுக்க வேண்டும். எண்ணெய் காய்ச்சுவது, பத்து அரைப்பது, தப்பை சீவுவது, ஆறிய மூட்டுக்கு வைத்தியர் சொன்னபடி ஒத்தடம் கொடுப்பது உதவியாளருக்கு இருக்கட்டும். ஒரு பொறுப்பை மட்டும் அனுமதியாக அல்லாமல் கடமையாகவே அவரிடம் கொடுக்க வேண்டும்: விரல் விறைத்தால் எவரையும் கேட்காமல் கட்டை அவிழ்ப்பது, உடனே நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. அப்படி அவிழ்த்ததற்காக அவர்மீது எந்தக் குற்றமும் சாட்டக்கூடாது.