ஆல்பர்ட் அரங்கில் ஓர் இரவு

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் மல்லிகை வாங்கிக்கொண்டு வீவக அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பும் மாலைகளில் நான் விரும்பிப் போடும் டிவிடி இது. 2001 அக்டோபர் 10 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பாப் பாடகர் ராபி வில்லியம்ஸ் பாடிய பழைய ஸ்விங் ஜாஸ் பாடல்கள்.

ஸ்விங்கின் உயிர் தாளத்தின் ஊசலில் இருக்கிறது. சமமாக விழவேண்டிய இரண்டு ஸ்வரங்களில் முதலாவது நீளும், அடுத்தது குறுகும். அந்தத் துள்ளலைத் தமிழ்த் திரை நடிகர் சந்திரபாபுவின் பாட்டில் ரசித்து வளர்ந்த காதுக்கு இது அந்நியமே அல்ல.

1998இல் மறைந்த ஸ்விங் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவின் பதிவுக் குரலோடு ராபி இணைந்து பாடும்போது, துள்ளல் தணிந்து பணிவு மேலெழுகிறது. மூத்தவர் பாட்டை இளையவர் பாடுவதும் ஒரு வணக்கம்தான்.