என்விடிஏ வாசிக்கும், வாசிக்கப் பக்கம் வேண்டுமே!

விண்டோஸ் கணினியின் திரையில் உள்ளதைக் குரலாக வாசித்துக் காட்டும் என்விடிஏ இலவச மென்பொருள். விழிப்புலனற்றவரான மைக்கேல் கர்ரன் 2006இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கியது. தமிழ் இடைமுகமும் உண்டு. கூடவே வரும் ஈஸ்பீக் தமிழ்க் குரலில் இனிமையை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் வேகத்தைக் கூட்டினாலும் சொல் விளங்குகிறது. நாள் முழுக்கக் கேட்பவருக்கு அதுதான் முக்கியம். எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்பு, கே தட்டினால் அடுத்த இணைப்பு. இன்சர்ட்டுடன் எஃப்7ஐ அழுத்தினால் பக்கத்திலுள்ள இணைப்புகள் எல்லாம் பட்டியலாக விழும். அந்தப் பட்டியலில் "மேலும் வாசிக்க" என்பதே வரிசையாக வந்தால், எது எந்தச் செய்திக்குரியது என்று கண்டுபிடிக்க வழியில்லை. அது கருவியின் குறையல்ல, பக்கத்தைச் செய்தவரின் குறை.

தமிழில் இந்தக் குறை இன்னும் ஆழமானது. இலங்கையில் பாமினி எழுத்துரு இன்னும் விட்டுப்போகவில்லை. பாமினியில் தட்டிய "தமிழ்" கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதோ ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். என்விடிஏ உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யுனிகோடில் 1991இலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. இனியும் பாமினியில் பிடிஎஃப் ஏற்றுவதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

"பார்வையற்ற வாசகர் எத்தனை பேர், அவர்களுக்காக இவ்வளவு செலவா?" என்று கேட்பவர்கள் உண்டு. கண்டி–மாத்தளை வீதியில் அலவத்துகொடவை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் மலைச்சரிவு, அடைமழை பிடித்தால் எல்லோரும் தேடுவது மண்சரிவு எச்சரிக்கையை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளாக வெளியிடுகிறது. அந்த அறிவிப்பை ஒருவர் வெறும் படமாக்கித் தளத்தில் போட்டால், என்விடிஏ மிஞ்சிப்போனால் "படம்" என்று சொல்லி நகர்ந்துவிடும். வெளியேற வேண்டிய ஊர் எது என்பது பார்க்க முடிந்தவருக்கு மட்டும் தெரியும். நிறத்தை மட்டும் நம்பிச் செய்தி சொல்லக்கூடாது, படத்துக்கு மாற்று உரை எழுத வேண்டும் என்று இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வழிகாட்டி 1999இலேயே சொல்லிவிட்டது. ஊர்ப் பெயரையும் நிலையையும் இரண்டு வரியில் தட்டச்சு செய்ய என்ன செலவு?

செயற்கை நுண்ணறிவு படத்தை விவரித்துவிடுமே என்பது புதிய சமாதானம். விவரிக்கும்தான், ஆனால் ஓர் ஊர்ப் பெயரைப் பிழையாக ஊகித்தாலும் அதே தெளிவான குரலில்தான் சொல்லும். கல்யாணப் படத்துக்கு அது போதும், மண்சரிவு அறிவிப்புக்குப் போதாது. தளத்தின் மூலையில் ஒட்டப்படும் "அணுகல் வசதி" பொத்தான்களும் அப்படியே: எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும், பாமினியை ஒருநாளும் யுனிகோடாக்காது. இணையமும் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்று கூறும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்தது. ஆகவே இது தயவுதாட்சண்யம் அல்ல.

கருவியாக என்விடிஏவைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். வலைத்தளம் செய்பவர்கள்தான் அதை முதலில் நிறுவ வேண்டும். திரையை அணைத்துவிட்டு, மௌஸைத் தொடாமல், உங்கள் தளத்தின் விண்ணப்பப் படிவத்தை ஒருமுறை நிரப்பி அனுப்பிப் பாருங்கள்.