கையறிவும் ஏட்டறிவும்: நொல்லேயின் 'சோதனைகளின் கலை'

உஸ்துர்லாபின் மீது சுழலும் நோக்குச் சட்டத்தை அரபியர் 'அல்இளாதா' என்றனர். பிரெஞ்சு மொழியில் அது 'அலிதாத்' ஆயிற்று. சொல் ஏட்டின் வழியே எல்லை கடந்துவிடுகிறது. அச்சட்டத்தைச் செய்த கையின் திறனும் அவ்வாறு கடக்குமா? 1770இல் பாரிஸில் மூன்று பாகங்களாக வெளிவந்த ழான் அந்துவான் நொல்லேயின் 'சோதனைகளின் கலை' என்னும் நூலை மதிப்பிட இவ்வினாவே தக்க உரைகல்.

நொல்லே (1700–1770) எளிய உழவர் குடியில் பிறந்து குருத்துவக் கல்வி பெற்றவர். 1753இல் நவார் கல்லூரியில் சோதனை இயற்பியல் பேராசிரியரானவர். ஆயினும் அரம் பிடிக்க அவர் நாணவில்லை. கருவிகளைத் தாமே செய்தார், பணியாளரைப் பயிற்றினார், வோல்த்தேர் போன்றோர்க்கு விற்கவும் செய்தார். இந்த அனுபவமே நூலின் வலிமை. மரம், உலோகம், கண்ணாடி ஆகியவற்றைப் பக்குவப்படுத்தும் முறைகளை முதலில் விளக்கிவிட்டே அவர் சோதனைகளுக்குச் செல்கிறார். 1709இல் வெளிவந்த நிக்கோலா பியோனின் புகழ்பெற்ற நூல் கணிதக் கருவிகளை ஒவ்வொன்றாக வகுத்துரைப்பது. நொல்லேயோ கருவிக்கும் முற்பட்ட மூலப்பொருளிலிருந்து தொடங்குகிறார். பொருளின் இயல்பறியாதவன் கருவியையும் அறியான் என்பதே இவ்வரிசையின் உட்பொருள்.

குறையும் இங்கேயே உள்ளது. நொல்லேயின் நோக்கம் இயற்கையின் விதிகளைக் கண்முன் காட்டுவது, நுட்பமாக அளப்பதன்று. வட்டத்தைப் பாகைகளாகப் பிழையின்றிப் பிரிக்கும் அருந்திறனை அறிய, 1768இல் ஷோன் கோமகன் நுண்ணோக்கியின் துணைகொண்டு வகுத்த முறையையே நாட வேண்டும். பின்னர் எத்தியென் லெனுவார் செய்த போர்தா வட்டங்களைக் கொண்டே 1792 முதல் 1798 வரை டன்கர்க்கிலிருந்து பார்சிலோனா வரையுள்ள நெடுங்கோட்டு வில் அளக்கப்பட்டது. மீட்டரின் நீளம் அவ்வளவையிலிருந்து வரையறுக்கப்பட்டது. நொல்லேயின் கலை நின்ற இடத்திலிருந்து இக்கலை வெகுதூரம் சென்றுவிட்டது.

ஏடு மட்டும் திறக்க இயலாத கதவும் ஒன்றிருந்தது. பித்தளை வார்ப்போர், கண்ணாடி வினைஞர் எனத் தொழிற்குழுக்கள் தத்தம் உரிமையைக் காத்துநின்ற பாரிஸில், பல பொருள்களை இணைக்கும் கருவி வினைஞர் எல்லை மீறியவராகவே கருதப்பட்டார். 1787இல் அரசர் கருவிப் பொறியாளர்க்கெனத் தனி அமைப்பை ஏற்படுத்தியது இத்தடையை நீக்குவதற்கே.

ஆகவே, கைத்திறனை ஏடு முழுமையாகக் கடத்திவிடும் என்று இந்நூலைக் கொண்டு வாதிட முடியாது. ஆனால் பேராசிரியர் ஒருவர் அரத்தையும் மெருகெண்ணெயையும் கற்றோர்க்குரிய பாடமாக்கினார். இல்மையும் அமலையும் வெவ்வேறு வகுப்பாருக்குரியனவாகப் பிரித்துவைக்கும் வழக்கம் நம் கல்விக்கூடங்களில் இன்றும் உண்டு. அவ்வழக்கத்திற்கு எதிரான சான்றாக இந்நூல் நிலைபெறுகிறது.