விழுங்கிய மாத்திரையும் தேங்கிய நீரும்

யாருக்கு நோய் என்று சோதிக்காமல் ஊரார் அனைவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை மாத்திரை கொடுப்பதுதான் யானைக்கால் நோயை ஒழிக்க உலகம் தேர்ந்த வழி. தமிழ்நாடு இதில் முன்னோடி. 1996-இல் கடலூர் மாவட்டத்தில் டிஇசி என்ற புழு ஒழிப்பு மாத்திரையுடன் தொடங்கிய முயற்சி, 2004-இல் நாடு தழுவிய திட்டமானது. 2007-இல் அல்பெண்டசோல் என்ற இன்னொரு புழு மருந்தும் சேர்ந்தது.

இந்த முறைக்கு வலுவான காரணம் உண்டு. தொற்றுள்ள பலருக்கு வெளியே அறிகுறி தெரியாது. நோய்ப் புழுவின் இளம் வடிவமான நுண்புழுக்கள் இரவில்தான் ரத்தத்தில் மிகுதியாக உலவும். அதனால் இரவில் வீடு வீடாகச் சென்று ரத்தம் எடுத்த பழைய வழியில் தொற்றுள்ள பலர் விடுபட்டார்கள். எல்லோரும் விழுங்கினால் நோயைப் பரப்பும் கொசுவுக்குக் கிடைக்கும் புழுக்களே குறைந்துவிடும். முதிர்ந்த புழு பல ஆண்டுகள் வாழ்வதால் மருந்தையும் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். இலங்கை 2002 முதல் 2006 வரை இப்படிக் கொடுத்தது. பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இந்நோயை ஒழித்ததற்கு 2016-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது.

குறை, திட்டம் எதை எண்ணுகிறது என்பதில் இருக்கிறது. வாசலில் கொடுத்த மாத்திரை கணக்கில் ஏறியது. வயிற்றுக்குள் போனதா என்று பல இடங்களில் யாரும் பார்க்கவில்லை. நலமாக இருப்பவர் ஏன் மருந்து உண்ண வேண்டும் என்ற கேள்விக்கும், புழுக்கள் சாகும்போது வரும் காய்ச்சல், தலைச்சுற்றல் குறித்த அச்சத்துக்கும் பொறுமையான பதில் வேண்டும். ஊழியரின் கண்முன்னே விழுங்கவைக்கும் விதி அந்தப் பதிலோடு சேர்ந்தால்தான் பலிக்கும்.

கொசுவும் கணக்குக்கு வெளியே நிற்கிறது. நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ், அழுக்கு நீரில் பெருகும். சென்னையில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடியில் குப்பைக் கிடங்கும், சாக்கடையும், கட்டுமானப் பள்ளங்களும் அதற்கு வாய்ப்பானவை. இங்கு உழைக்க வரும் பலர், நோய் இன்னும் நீடிக்கும் பீகார், ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். மருந்தை நிறுத்தியபின் நடக்கும் ஆய்வு ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளையே சோதிக்கிறது. தகரக் கொட்டகையில் தங்கும் தொழிலாளி அதில் இடம்பெறுவதில்லை. நோய் பரவுவதற்கு அவரைப் பழிப்பது அநீதி. அவர் தங்கும் இடத்திலேயே இரவு ரத்தப் பரிசோதனையும் சிகிச்சையும் கிடைக்க வேண்டும்.

ஏற்கெனவே கால் வீங்கியவர்களுக்கு இந்த மாத்திரை போதாது. நாள்தோறும் சோப்பால் கழுவித் துடைத்து, புண்ணுக்கு மருந்திட்டுப் பேணப் பயிற்சி வேண்டும்; விரைவீக்கம் உள்ளவருக்கு அறுவை சிகிச்சை வேண்டும்.

ஆகவே இம்முறையைக் கைவிடுவது தவறு. அதுவே போதும் என்பதும் தவறு. நோயை ஒழிக்க இந்தியா 2027-ஐ இலக்காக வைத்திருக்கிறது. அந்த ஆண்டின் வெற்றியை, கொடுத்த மாத்திரைகளோடு வடிந்த சாக்கடையையும், பராமரிப்புப் பெற்ற நோயாளிகளையும் எண்ணித்தான் சொல்ல வேண்டும்.