பேரிடர்த் திரைப்படங்களும் காண்போர் மெய்ப்பாடும்

முன்னுரை

கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கிய 'ஹியர்ஆஃப்டர்' (2010) என்னும் ஆங்கிலத் திரைப்படம், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையைச் சித்திரிக்கும் காட்சியுடன் தொடங்குகிறது. அப்படம் காட்சி விளைவுகளுக்காக ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 2011 மார்ச் 11ஆம் நாள் ஜப்பானை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியபோது, அந்நாட்டுத் திரையரங்குகளில் அது ஓடிக்கொண்டிருந்தது. சில நாள்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. படத்தில் ஒரு காட்சியும் மாறவில்லை. காண்போரின் நிலை மாறிவிட்டது. உண்மைப் பேரிடரைக் கருப்பொருளாகக் கொண்ட திரைப்படங்களைக் காண்போர் எவ்வாறு ஏற்கின்றனர் என்பதைத் தமிழ் மெய்ப்பாட்டுக் கோட்பாட்டின் துணையுடன் ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

மருட்கையும் அழுகையும்

நடிப்போனிடம் தோன்றிய சுவை காண்போனைச் சென்று சேர்தலே மெய்ப்பாடு என்னும் கருத்து தொல்காப்பிய உரைமரபில் உண்டு. ஆதலின், காண்போரின் எதிர்வினையைப் படைப்புக்குப் புறம்பானதாகத் தள்ளிவிட நம் மரபு இடம் தரவில்லை. தொல்காப்பியர் மருட்கை பிறக்கும் நிலைக்களன்களாகப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கினைக் கூறுவார். அழுகைக்கோ இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன நிலைக்களன்களாம். திரையில் எழும் பேரலை, அதன் புதுமையாலும் பெருமையாலும் ஒருவரிடம் மருட்கையை விளைவிக்கும். அதே அலை, உற்றாரைப் பறிகொடுத்த மற்றொருவரிடம் இழவினால் வரும் அழுகையை விளைவிக்கும். இவ்விரண்டையும் ஒரே அரங்கில் எதிர்கொள்ள வேண்டியிருப்பதே இவ்வகைப் படங்களின் தனித்த சிக்கலாகும்.

பிழைத்தோர் கதை

ஜே.ஏ. பயோனா இயக்கிய 'தி இம்பாசிபிள்' (2012), தாய்லாந்தின் காவோ லாக் கடற்கரையில் ஆழிப்பேரலையில் சிக்கிய ஸ்பானியக் குடும்பம் ஒன்றின் மெய்யனுபவத்தைத் தழுவியது. ஐவரும் உயிர்தப்புகின்றனர். நவோமி வாட்ஸின் நடிப்பு உலகெங்கும் போற்றப்பட்டது. எனினும், ஸ்பானியக் குடும்பத்தை ஆங்கிலேயக் குடும்பமாக மாற்றியதும், தாய்லாந்து மக்களைக் கதையின் ஓரத்தில் நிறுத்தியதும் கண்டனத்திற்கு உள்ளாயின. ஒரு குடும்பத்தின் கதையை அக்குடும்பத்தின் பார்வையில் கூறுவது குற்றமாகாது என்னும் எதிர்வாதமும் ஏற்கத்தக்கதே. ஆயினும், காயமுற்ற தாயைத் தூக்கிச் சென்று காப்பாற்றும் ஊர்மக்களுக்கும் அன்று வீடும் உறவும் போயிருக்கும். அவர்கள் உதவுவோராக மட்டுமே வந்து மறைகின்றனர். அவர்தம் இழவுக்குத் திரையில் இடமில்லை. கண்டனத்தின் வேர் இதுவே எனலாம்.

விளக்கமும் ஒப்பாரியும்

கமல்ஹாசன் பத்து வேடங்களில் நடித்து, கே.எஸ். ரவிக்குமார் இயக்கிய 'தசாவதாரம்' (2008), அதே ஆழிப்பேரலையைத் தன் உச்சக்கட்டமாகக் கொண்டது. கோடிக்கணக்கானோரைக் கொல்லவல்ல நச்சுக்கிருமியை அலையின் உப்புநீர் அழித்துவிடுகிறது. பேரழிவு இங்கே ஒரு தீர்வாகிறது. அதன்பின் எழும் கடவுள் பற்றிய உரையாடல் அறிவுக்கு விருந்தாகலாம். ஆனால், தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேரைப் பலிகொண்ட நிகழ்வுக்கு ஒரு 'பயன்' கற்பிக்கப்படும்போது, நாகப்பட்டினத்துக் கரையில் பிள்ளையை இழந்த தாய் அதனை எவ்வாறு ஏற்பாள் என்னும் வினா எழாமல் இராது.

அதே படத்தில் இவ்வினாவுக்கு விடையாகவும் ஒரு காட்சி உண்டு. மணற்கொள்ளையை எதிர்த்துப் போராடிய தலித் தலைவர் பூவராகன், அலையிலிருந்து பிறரைக் காப்பாற்றி மடிகிறார். மனம் பேதலித்த அந்தணக் கிழவி கிருஷ்ணவேணி, அவ்வுடலைத் தன் மகன் எனக் கருதித் தழுவி அழுகிறாள். அங்கே அலை எதற்காக வந்தது என்று எவரும் விளக்குவதில்லை. சாதி எல்லையைக் கடந்து ஓர் உயிருக்காக ஒப்பாரி எழுகிறது. ஒரே படம் மருட்கையை நோக்கி ஓரடியும், அழுகையை நோக்கி ஓரடியும் வைத்திருக்கிறது. பின்னதே கலையாக நிலைபெறுகிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

நொடிகளும் ஆண்டுகளும்

சீன இயக்குநர் ஃபெங் சியாவ்காங்கின் 'ஆஃப்டர்ஷாக்' (2010) வேறொரு வழியைக் காட்டுகிறது. 1976 ஜூலை 28ஆம் நாள் தாங்சான் நகரைச் சிதைத்த நிலநடுக்கத்தில், அரசுக் கணக்கின்படி ஏறத்தாழ 2,42,000 பேர் மாண்டனர். படத்தில் அந்நடுக்கம் சில நிமிடங்களே. இடிபாட்டில் சிக்கிய இரட்டைக் குழந்தைகளுள் ஒன்றையே காக்க முடியும் என்ற நிலையில், தாய் மகனைத் தேர்ந்தெடுக்கிறாள். இறந்ததாகக் கருதப்பட்ட மகளோ பிழைத்துக்கொள்கிறாள். எஞ்சிய நேரம் முழுவதும், 32 ஆண்டுகள் தொடரும் அத்தாயின் குற்றவுணர்வே கதையாகிறது. தாங்சான் நகர நிருவாகத்தின் முதலீட்டைப் பெற்ற இப்படம், அரசின் பொறுப்பை ஆராயவில்லை என்னும் குறை உடையதே. ஆயினும், அழிவின் அளவைக் கட்டடச் சரிவால் காட்டாமல், மகள் முன் தாய் மண்டியிடும் ஒற்றைக் காட்சியால் உணர்த்தியதனால், இழந்தோரும் இழவாதோரும் ஒருங்கே அழ இடம் பிறந்தது.

முடிவுரை

காட்சி மெய்போல் அமைந்ததா என்பதே பேரிடர்ப் படங்களைப் பற்றி நம் திறனாய்வு பெரிதும் எழுப்பிவரும் வினா. அது மருட்கையை அளக்கும் வினாவேயன்றி வேறன்று. யாருடைய இழவு திரையில் இடம்பெறுகிறது, யாருடையது விடுபடுகிறது என்பதையும் உடன் வினவுதல் வேண்டும். ஆழிப்பேரலையில் மலேசியாவும் பினாங்கு, கெடா முதலிய மாநிலங்களில் 68 உயிர்களை இழந்தது. வகுப்பறையில் இத்தகைய படமொன்றைத் திரையிடும் ஆசிரியர், அங்கு அமர்ந்திருப்போருள் யார் காண்போர், யார் இழந்தோர் என்பதை முன்கூட்டி அறிய இயலாது. ஆகவே, அலை எவ்வளவு உயரம் எழுந்தது என்று கேட்குமுன், அது யாரைக் கொண்டுசென்றது என்று கேட்கப் பழகுவோமாக.